என்ஜின் பிளாக் உடைந்தால்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, என்ஜினைப் பிரிப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடனுக்கு, என்ஜின் வேலை என்று எழுதி வரும் விண்ணப்பங்களும் இந்த நாட்களில்தான் அதிகம். அவற்றில் பெரிய தொகை கேட்பவை பெரும்பாலும் ஒரே வரியில் காரணம் சொல்கின்றன: "பிளாக் போய்விட்டது, மாற்ற வேண்டும்."

எங்கே போனது, எதனால் போனது, எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. மெக்கானிக் சொன்னார், அவ்வளவுதான். மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காதால் கேட்டே கோளாறு சொல்லும் கைதேர்ந்தவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். ஆனால் பணம் நம்முடையது. டிரஸ்ட் கொடுப்பது ஒரு பகுதிதான். மீதிக்கு வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது, அங்கே வட்டி ஓடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தைப் படகு வைத்திருப்பவர்கள் மட்டுமன்றி அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிளாக் என்பது என்ஜினின் உடம்பு. பிஸ்டன் ஓடும் சிலிண்டர்கள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை, ஆயில் போகும் வழிகள், கீழே கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கைகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. நம் விசைப்படகுகளின் டீசல் என்ஜின்களில் இது வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் கார்பன் உண்டு. இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாக அது படிந்திருக்கும். அதனால் அதிர்வைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசை வந்தாலோ, ஓரிடம் கொதித்துப் பக்கத்து இடம் குளிர்ந்தாலோ வளைந்துகொடுக்காது, பிளந்துவிடும். காய்ந்த வார்ப்புத் தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கொதித்து நின்ற என்ஜினில் அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் அதே காரியம்தான்.

பால் நிற ஆயில்

பெரும்பாலும் சந்தேகம் தொடங்குவது இங்கேதான். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் பால் கலந்த டீ போல இருக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். பிளாக்கில் விரிசல் என்று அதைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தாலும், ஹெட்டில் விரிசல் இருந்தாலும், ஆயில் கூலரின் குழாய் அரித்துத் துளை விழுந்திருந்தாலும், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டிருந்தாலும் ஆயில் அதே நிறத்தில்தான் இருக்கும். இவை எல்லாம் பிளாக்கை மாற்றும் செலவில் சிறு பங்கில் முடிகிற வேலைகள்.

ஒரு சின்னக் கணக்கு உதவும. நல்ல தண்ணீர் சுற்றி, அதைக் கடல் தண்ணீர் குளிர வைக்கும் அமைப்புள்ள என்ஜினில், மேல் டேங்கின் தண்ணீர் அளவை இரண்டு நாள் குறித்துப் பாருங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால் கலப்பது நல்ல தண்ணீர். பிளாக், ஹெட், கேஸ்கட், லைனர் வளையம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அளவு குறையாமலே ஆயில் வெளுத்தால், வருவது கடல் தண்ணீர். அப்போது கடல் தண்ணீர் பம்பின் சீல், கடல் தண்ணீரில் குளிரும் ஆயில் கூலர், புகைக்குழாய் வழியாகத் திரும்பி ஏறும் அலைத்தண்ணீர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மேல் டேங்கில் என்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால் எரியும் அறையின் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்று பொருள். அது கேஸ்கட்டாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம்.

சில பிளாக்குகளில் லைனரின் இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே வெளியே தெரிகிற மாதிரி ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் கசிந்தால் மேல் வளையம் போய்விட்டது, ஆயில் கசிந்தால் கீழ் வளையம் போய்விட்டது. அதைப் பெயிண்ட் பூசி அடைத்து வைத்திருக்கும் படகுகளையும் பார்த்திருக்கிறோம். ஓட்டை என்று நினைத்து அடைத்திருப்பார்கள் போலும்.

சந்தேகம் பிளாக் மீதே வந்து நின்றால் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, சாயச் சோதனை. சந்தேகமுள்ள இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துச் சிவப்புச் சாயம் தெளிப்பார்கள். சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசலுக்குள் இறங்கிய சாயம் சிவப்புக் கோடாக மேலே வரும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, பிரஷர் சோதனை. தண்ணீர் அறையின் வாய்களையெல்லாம் தகடு போட்டு அடைத்து, உள்ளே சுமார் 3 பார் அளவுக்குக் காற்றோ வெந்நீரோ ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைச் சொல்லிவிடும். முதல் சோதனை வெளியே தெரியும் பரப்புக்கு, இரண்டாவது உள்ளே மறைந்திருக்கும் கசிவுக்கு. இரண்டும் செய்யாமல் "பிளாக் போய்விட்டது" என்ற வார்த்தையை நாங்கள் இனி ஏற்றுக்கொள்வதில்லை என்று கமிட்டியில் முடிவெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் கரையில் ஒரு சம்மாட்டி, பிளாக் மாற்றுவதற்கென்று விண்ணப்பித்தார். பிரஷர் சோதனை செய்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். பிளாக் காற்றைச் சொட்டுக்கூட விடாமல் பிடித்து நின்றது. கோளாறு ஆயில் கூலரில் இருந்தது. கூலரை மாற்றி, ஆயிலை இருமுறை கழுவி விட்டார்கள். அதே பிளாக் இன்றும் கடலுக்குப் போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

விரிசல் எந்த இடத்தில்?

விரிசல் இருக்கிறது என்று உறுதியானால், அடுத்து எல்லாரும் கேட்பது "எவ்வளவு நீளம்?" என்பது. நாங்கள் கேட்டுப் பழகியவரை, திறமையான மெக்கானிக் முதலில் பார்ப்பது இடத்தைத்தான். ஒரு சாண் நீள விரிசல் ஓரிடத்தில் சாதாரண வேலை. ஒரு விரற்கடை விரிசல் இன்னோரிடத்தில் பிளாக்கின் ஆயுளையே முடித்துவிடும்.

தண்ணீர் அறையின் வெளிச்சுவரில் விரிசல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. அங்கே அழுத்தம் குறைவு, சுமையும் குறைவு. முறையாகப் பழுது பார்த்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கனெக்டிங் ராடு உடைந்து பக்கச்சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும். ஆனாலும் அந்தத் துளை மெயின் பேரிங் தாங்கும் குறுக்குச்சுவரைத் தொடாமல் இருந்தால் தகடு வைத்துத் தைக்க முடியும். உடைந்த துண்டுகளைக் கடலில் எறிந்துவிடாமல் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவை பொருந்தினால் வேலை பாதி முடிந்த மாதிரி.

சிலிண்டரின் உள்சுவரில் விரிசலோ ஆழமான கீறலோ இருந்தால் அதைக் கடைந்து அகலப்படுத்திப் புது லைனர் இறக்கலாம். ஏற்கெனவே கழற்றக்கூடிய லைனர் உள்ள பிளாக்கில் லைனரை மட்டும் மாற்றினால் போதும். அந்த லைனரின் தண்ணீர்ப் பக்கத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிஸ்டன் அடிக்கும்போது லைனர் அதிர்கிறது. அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தைக் கொத்துகிறது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓடும் என்ஜின்களில் இது அதிகம். கூலண்டில் சேர்க்கும் மருந்து இதைத் தடுக்கவும் செய்கிறது, துருவுக்கு மட்டுமல்ல.

ஹெட் உட்காரும் மேல்தளத்தில், சிலிண்டருக்கும் போல்ட் துளைக்கும் நடுவே விரிசல் ஓடினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே எரிவாயுவின் அழுத்தமும் போல்ட்டின் இழுவிசையும் ஒன்றாகச் சேர்கின்றன. லைனர் விளிம்பு உட்காரும் படி உடைந்தாலும் இதே நிலைதான். வளையம் செருகிக் கடைந்து சரிசெய்பவர்கள் உண்டு; ஆனால் அந்த வேலையை ஏற்கெனவே செய்து, அந்த என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டக்கூடிய பட்டறையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கையிலோ அதன் குறுக்குச்சுவரிலோ விரிசல் இருந்தால் மாற்றுவதுதான் வழி. என்ஜினின் முழுச் சுமையும் ஒவ்வொரு அடிக்கும் அங்கே இறங்குகிறது. அதை ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஸலாம் சொல்லி எழுந்துவிடுங்கள். நடுக்கடலில் கிராங்க் உடைந்தால் என்ஜினோடு போகாது, ஆட்களின் உயிருக்கும் ஆபத்து.

சிறிய வல்லங்களில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களுக்கு இந்த ஆராய்ச்சி அதிகம் வேண்டாம். பிளாக் சிறியது, கூலி கிட்டத்தட்ட அதேதான். பெரும்பாலும் வேறு பிளாக் வாங்குவதே லாபம்.

தையலும் வெல்டிங்கும்

எம்-சீல், எபாக்ஸி போன்ற பசைகள் வெளிச்சுவர்க் கசிவை அடைத்துக் கரை வந்து சேர உதவும். அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய முடியும், ஆனால் சாதாரண இரும்புக் கதவை வெல்டிங் செய்கிறவர் செய்யக் கூடாது. வெல்டிங் சூட்டில் உருகிய இடம் சட்டென்று ஆறும்போது, பக்கத்திலுள்ள இரும்பு கண்ணாடி போலக் கடினமாகிவிடும். வெல்டு நிற்கும், அதன் ஓரத்தில் புது விரிசல் ஓடும். இப்படி இரண்டே தங்கலில் திரும்பி வந்த ஒரு என்ஜினை எங்களுக்குத் தெரியும். முறையாகச் செய்பவர்கள் பிளாக் முழுவதையும் 500, 600 பாகை செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றி, வெல்டிங் முடிந்ததும் மணலிலோ சாம்பலிலோ புதைத்து ஒரு நாளுக்கும் மேலாக ஆறவிடுவார்கள். அதற்குப் பின் மேல்தளமும் பேரிங் துளைகளும் கோணியிருக்கும், மீண்டும் கடைய வேண்டும். இன்னொரு முறையில் நிக்கல் ராடு கொண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக வைத்து, ஒவ்வொரு துண்டையும் சுத்தியால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்ததை வைப்பார்கள். பட்டறைக்காரர் அவசரப்பட்டால் அது இந்த வேலை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது முறை தையல். இதில் சூடே இல்லை. விரிசலின் இரு முனைகளிலும் முதலில் துளை போடுவார்கள், அது மேலும் ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலின் நெடுகத் துளையிட்டுத் திருகுமரை வெட்டி உலோக ஆணிகளைத் திருகுவார்கள். ஒவ்வொரு ஆணியும் முந்தைய ஆணியின் விளிம்பைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு உட்காரும். விரிசலுக்குக் குறுக்கே பூட்டுத் தகடுகளும் பதிப்பார்கள். கோணல் வராது, உள்ளுக்குள் புது இழுவிசையும் வராது. பிளாக்கைப் படகிலிருந்து இறக்காமலே செய்யக்கூடிய இடங்களும் உண்டு. எங்கள் பார்வையில், பெரிய ஆறு சிலிண்டர் பிளாக்கின் வெளிச்சுவருக்கு இதுவே முதல் தேர்வு.

உடைந்த வார்ப்பை எறியாமல் காப்பாற்றுவது ஏழைகளின் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அதன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது. கப்பல்களின் ஆட்கள் அதற்கு முன்பே என்ஜின் சிலிண்டர்களை உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்த்தால் நெடுங்காலம் ஆகும் என்பதால் அமெரிக்கக் கடற்படை அந்த வார்ப்பிரும்பை மின்சார வெல்டிங் செய்தே சரிசெய்தது. சில மாதங்களில் அதே கப்பல்கள் அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தன.

மாற்றுவதென்றால்

புது பிளாக் வாங்க வசதியுள்ளவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வார்ப்பில் உள்ள பாகம் எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்கள். நம்மில் பலர் வாங்குவது கழிவு லாரியிலிருந்து எடுத்த பழைய பிளாக். படகில் ஓடும் என்ஜின்கள் பலவும் லாரி என்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றியவைதான், ஆகவே இதில் தவறில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் இதற்கும் வேண்டும். சிலிண்டர் எத்தனை முறை கடையப்பட்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்ட பிளாக் மலிவாகத்தான் கிடைக்கும். மேல்தளத்தில் நேர்கோல் வைத்து அடியில் ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பாருங்கள்.

மெயின் பேரிங் கேப்கள் எல்லாம் அந்த பிளாக்கோடு வந்தவைதானா என்பது மிக முக்கியம். கேப்பைப் பூட்டிய பிறகே ஒரே நேர்கோட்டில் அந்தத் துளைகளைக் கடைகிறார்கள். ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்துவது போலத் தெரியும், பொருந்தாது. கேப் குறைந்த பிளாக்கை வாங்கினால் மறுபடி நேர்கோட்டில் கடையும் கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் பிளாக்கில்தான். பிளாக் மாறினால் எண்ணும் மாறும். படகின் பதிவில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஆய்வின்போதும் மானிய டீசல் வாங்கும்போதும் சிக்கல் வரும். எனவே வாங்கிய பில்லோடு மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய எண்ணைப் புது பிளாக்கில் வெட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம். படகுக்குக் காப்பீடு இருந்தால் என்ஜினைப் பிரிக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிரித்துப் போட்ட என்ஜினைப் பார்த்து எந்த ஆய்வாளரும் காரணம் எழுத மாட்டார்.

பழுது பார்த்தாலும் மாற்றினாலும், முதல் பிளாக்கை உடைத்த காரணம் படகிலேயே இருந்தால் இரண்டாவதும் உடையும். நம் கடலில் வழக்கமான காரணங்கள் கொஞ்சம்தான். சொறிமீனோ பிளாஸ்டிக் பையோ தண்ணீர் வாயை அடைப்பது. பம்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ் உதிர்ந்து, அந்தத் துண்டு குழாயில் சிக்கிக்கொள்வது. கூலரிலுள்ள துத்தநாகக் கட்டி கரைந்துபோன பிறகும் மாற்றாமல் விடுவது. அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், முழுவதும் கரைந்துவிட்டால் உப்பு அடுத்து கூலரைத் தின்னத் தொடங்கும். கடல் தண்ணீரே நேராகப் பிளாக்கில் ஓடும் பழைய என்ஜின்களில் சூடு 50, 60 பாகையைத் தாண்டினால் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து தண்ணீர் வழி சுருங்கும். இன்னொன்று, மேல் டேங்கில் ஊற்றும் தண்ணீர். குடிக்க லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இருந்துகொண்டு, என்ஜினுக்கு மட்டும் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறோம். காய்ச்சி வடித்த தண்ணீரும் கையேட்டில் சொன்ன கூலண்டும் சேர்த்து ஊற்றும் செலவு, ஒரு தங்கலின் ஐஸ் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சூடு காட்டும் மீட்டர் வேலை செய்யாத படகுகள் எத்தனை என்று நம் கரையில் ஒரு மாலை நடந்து பார்த்தாலே தெரியும்.

கணக்கைப் பொறுத்தவரை, கூலி, கடைசல், ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் சேர்த்துப் பழுதுச் செலவு நல்ல மாற்று பிளாக்கின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே மேல் என்பது எங்கள் கமிட்டியின் கருத்து. வெளிச்சுவர் விரிசலுக்கு இந்த அளவு வருவது அரிது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் நேரத்தில் உடைந்தால், இழக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள்தான்; பட்டறையில் பத்து நாள் கிடந்தால் போவது நான்கைந்து தங்கல்.

என்ஜினைப் பூட்டிய பின் முதல் 50 மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டாமல், அதன் முடிவில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலைத் துறையில் ஊற்ற வேண்டாம்.

இந்த ஆண்டு என்ஜின் வேலைக்குக் கடன் கேட்பவர்கள் படகின் பதிவுச் சான்று நகல், விரிசல் தெரியும்படி எடுத்த புகைப்படம், பிரஷர் சோதனை செய்த பட்டறையின் கையெழுத்திட்ட சீட்டு, இரண்டு வெவ்வேறு பட்டறைகளின் எழுத்து மூலமான மதிப்பீடு ஆகியவற்றை இணைக்க வேண்டும். சோதனைக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், அதை டிரஸ்டே கொடுத்துவிடும். கடனைத் தவணையாகத் திருப்பலாம்; தவணை தொடங்குவது படகு கடலுக்குப் போன மாதத்துக்கு அடுத்த மாதம். படிவங்கள் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை அலுவலகத்தில் கிடைக்கும். வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிச் செல்லவும் தனி ஏற்பாடு உண்டு.